வெள்ளைக் கோடு

அன்புள்ள என்னவருக்கு,

நலம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நீங்கள் சொன்ன பிறகும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. போனில் கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே சைட்டில் ஒரு வேடிக்கை. மண் அள்ளும் செயின் வண்டியைச் சேற்றிலிருந்து கல் தரைக்கு மாற்றினார்கள். செயினில் வரிசையாக இருக்கும் இரும்புப் பட்டைகளை ஷூ என்போம். சேற்றுக்குப் போட்ட அகல ஷூ, கல்லில் நெம்பிப் போல்ட்டைத் தளர்த்திவிடும். குறுகிய ஷூ வரும்வரை, ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கி, அதன் தலையிலிருந்து ஷூ வரை வெள்ளைப் பெயின்ட்டில் கோடு போட்டேன். போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

ஆபரேட்டர் அண்ணன் சிரித்தார். "என்ன மேடம், வண்டிக்கு மை தீட்டுறீங்க? கல்யாணத்துக்கா போகுது?"

நேற்று வண்டி சரிவில் இறங்கும் முன் பார்த்தால், இரண்டு கோடுகள் விலகியிருந்தன. நிறுத்தச் சொன்னேன்.

"ஒண்ணும் ஆகாது மேடம்" என்று முணுமுணுத்தபடி இறங்கி வந்து தொட்டார். "அய்யோ, கையிலயே சுத்துதே!"

அவ்வளவுதான், முடுக்கிவிட்டோம். பயப்படாதீர்கள்.

நானே இப்படிப் பாதியை விழுங்கி எழுதும்போது, உங்கள் "ஒண்ணுமில்ல"வை எப்படி நம்புவது? காய்ச்சல் மருந்து பாட்டிலில், இப்போது மருந்து நிற்கும் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுப் படம் அனுப்புங்கள். மறுநாளும் அனுப்புங்கள். மருந்து கோட்டை விட்டு இறங்காமல் இருந்தால் நானும் தூங்கிவிடுவேன்.

அறைத்தோழி விளக்கை அணைக்கச் சொல்கிறாள். கோடு மறக்காதீர்கள்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா