மூன்று "வரவில்லை"களைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
சலவைக்கடைத் தொழிலாளி,
தையல்கடைக்குப் பின்வீடு.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அதிகாரி அவர்கள்.

பொருள்: என் மகள் வயிற்றுப் பேத்தியின் ஊசிப் பதிவேட்டில் "வரவில்லை" என்று தவறாக எழுதியதைத் திருத்தி, அவளை அறுவை சிகிச்சைப் பட்டியலில் சேர்க்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதில் எழுத்துப்பிழை இருக்கும், பொய் இருக்காது.

1. ஜூன் 18, செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து ஊசி அறையில் இருந்தவர்கள்: நான், பள்ளிச் சீருடையில் என் பேத்தி, நர்சம்மா, பதிவேடு எழுதுகிறவர், கட்டைவிரலில் கட்டுப் போட்ட பஸ் டிரைவர். டிரைவர் சாட்சி சொல்ல வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

2. முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் பிள்ளைக்குத் தொண்டை வலி. டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் நான் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த தடவைக்கு ஆகுமென்று டப்பாவில் போட்டு வைத்தேன். மூன்று வாரத்தில் முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் அது வடிந்து மணிக்கட்டு வீங்கியது. வளர்கிற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும் என்று எண்ணெய் தேய்த்தேன். மூச்சு வாங்கின பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இது கீல்வாதக் காய்ச்சல், தொண்டையில் வந்த கிருமியால் வந்த வினை, இதய வால்வைத் தொட்டுவிட்டது, இனி 21 நாளைக்கு ஒரு ஊசி தவறாமல் போட வேண்டும் என்றார்கள்.

3. அதற்குப் பிறகு ஒரு தவணை தவறவில்லை ஐயா. அந்த ஊசி உயிர் போகிற வலி. என் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வாளே தவிர, வரமாட்டேன் என்று ஒருநாள் சொன்னதில்லை.

4. ஜூன் 4 எங்கள் தவணை. மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். 11ஆம் தேதி போனோம், இல்லை. 18ஆம் தேதி போனோம், அப்போதும் இல்லை. மூன்று டோக்கனும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மாதம் முடிவதற்குள் காய்ச்சல் திரும்பியது. இப்போது இரண்டாவது வால்வும் கெட்டுவிட்டது. தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். பன்னிரண்டு வயது.

5. அறுவை சிகிச்சைக் குழு அவள் பெயரைத் தள்ளிவிட்டது. தொடர் சிகிச்சைக்கு ஒழுங்காக வராதவளாம். மூன்று செவ்வாய்க்கும் "வரவில்லை" என்றிருப்பதைக் காட்டினார்கள். பதிவேட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். "பாட்டிம்மா, வந்தார், வரவில்லைன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஊசி போடலைன்னா வரலைன்னுதான் அர்த்தம்" என்றார். வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளையை எந்தக் கட்டத்தில் ஐயா உட்கார வைப்பது?

6. ஆகவே அந்த மூன்று இடத்திலும் "வந்தாள், மருந்து இல்லை" என்று திருத்தி, குழுவுக்கு இந்த வாரமே கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். பதிவேட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள். ஊசி மருந்து தீரும் முன்பே வரவழையுங்கள். தொண்டை வலி மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே, மூட்டு மாறி மாறி வீங்கினால் உடனே வா என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். என் போன்றவள் எழுத்துக்கூட்டியாவது படிப்பாள்.

தங்கள் பதிலுக்குக் கட்டிலருகே காத்திருக்கும்,
(கையொப்பம்)

இடம்: இதயநோய்ப் பிரிவு, ஜன்னலோரக் கட்டில்
நாள்: 14.10.2024

பி.கு.: கை விரித்த நர்சம்மாவை மன்னித்துவிட்டேன், அன்று அவர் கண்ணும் கலங்கியது. மாத்திரையை நிறுத்திய என்னையும் என்றாவது மன்னிப்பேனோ என்னவோ. ஆனால் 18ஆம் தேதி கிளம்பும்போது பிள்ளை மேசை பக்கம் போய், "அண்ணே, நான் வந்துட்டேன்னு எழுதிக்கோங்க" என்றாள். "எழுதிட்டேன் பாப்பா, போ" என்று சிரித்துக்கொண்டே சொன்னாரே, அந்தப் பதிவேடு எழுதுகிறவரை மட்டும் மன்னிக்கமாட்டேன்.