மாப்பிள்ளை அழைப்புக்குப் பிரெஞ்சு வண்டி

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எதிர் பிளாக்கே தெரியவில்லை. துணி காயவில்லை.

காசிநாதன் மாமா வந்தார். பின் தெரு குவார்ட்டர்ஸ், ஆனந்தனின் அப்பா. கையில் கல்யாணப் பத்திரிகை. பையனுக்குப் பெண் பார்த்தாச்சாம். காடாம்புலியூர், முந்திரித் தோப்பு வைத்திருக்கிற வீடு. பிப்ரவரி 3 முகூர்த்தம். அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொம்பு கீழே விழவில்லை.

அதோடு போயிருக்கலாம் மனுஷன்.

"தேனு, நம்ம பிரெஞ்சு வண்டி தரையோட தரையா படுத்துகினு கெடக்குது. அதுலதான் மாப்பிள்ளை அழைப்பு வைக்கணும்னு எனக்கு ஆசை. நீ மைன்ஸ்ல அம்மாம் பெரிய மெஷினுக்கெல்லாம் ஹைட்ராலிக் பாக்குற. இத எழுப்பிக் குடும்மா. நீ எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி."

மாதிரி.

சரி என்றேன். புத்தி இருக்கிறவள் சொல்வாளா? வண்டியைப் பார்க்கப் போனால் ஆனந்தனைப் பார்க்கலாம், வேறு காரணம் இல்லை. ஆறு வருஷம். தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அப்பாவிடம் பேசுகிறேன் என்றான். அவர் ஜாதி விட்டுப் பெண் எடுக்க மாட்டார், பக்குவமாகச் சொல்லணும் என்றான். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டது. கடைசியில் பத்திரிகை அவர் கையிலிருந்து வருகிறது எனக்கு.

ஜனவரி 21, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து நேரே அவர்கள் ஷெட். எலிப்புழுக்கை வாசனை. மாமா இதைப் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரர் வீட்டில் வாங்கினார். அந்தக் காலத்துப் பெரிய ஆபீசர் வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரத்துக்கு ஒரு இரும்பு உருண்டை. உருண்டைக்குள் ஒரு பாதி நைட்ரஜன், மறு பாதி பச்சை எண்ணெய், நடுவில் ரப்பர் சவ்வு. இன்ஜின் ஓடினால் பம்ப் எண்ணெயைத் தள்ளும், வண்டி எழுந்து நிற்கும். இப்போது எழவில்லை.

வேலை: பம்ப் பெல்ட். பின்பக்கக் குழாயில் கசிவு. உருண்டை நாலையும் கழற்றி கேஸ் பார்க்க. எண்ணெய் முழுக்க மாற்ற. சீட்டுக்கு வெயில் காட்ட.

ஆ. வந்தான். (முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.) டார்ச் பிடித்தான். மாமாவும் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்ட்டியா?"

இவ்வளவுதான் கேட்டான். பிறகு, "சாதா பிரேக் ஆயில் ஊத்தினா ஆவாதா?"

"ஒரு சொட்டு போனாலும் உள்ள இருக்குற ரப்பரெல்லாம் ஊதிப்போயி வண்டி படுத்துரும். பச்சை எண்ணெய்தான்."

கவனமாகக் கேட்டுக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சொல்வதை அவன் கேட்டாலே எனக்குச் சந்தோஷம், வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஜனவரி 24, வெள்ளி

லீவு போட்டேன். மந்தாரக்குப்பத்தில் நைட்ரஜன் சிலிண்டர் சொல்லியாச்சு. அதை உருண்டையில் அடைக்க லேத்தில் அடாப்டர் கடைந்து வாங்கினேன். உருண்டையைப் பார்த்து லேத்துக்காரர், "இன்னாம்மா, பாம்ல்லாம் எடுத்துகினு வர்ற!"

ஒரு உருண்டையில் சவ்வு கிழிந்திருக்கிறது. அது தேறாது. பாண்டிச்சேரியில் ஒருவர் வேறொன்று கொடுத்தனுப்புகிறார்.

வண்டிக்கு முட்டு வைத்து அடியில் படுத்தபடி அழுதேன். ஸ்பேனர் நழுவிக் காதுமேல் விழுந்தது. ஆ.வின் அம்மா காபி கொண்டுவந்து, "எண்ண கண்ணுல பட்டுடுச்சா?" என்றாள். ஆமாங்க என்றேன். தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். நல்ல மாமியாராக இருந்திருப்பாள்.

பால் பாக்கெட் வாங்க மறந்தாச்சு. அம்மா ஏச்சு.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். பள்ளிக்கூடத்திலிருந்து பேண்டு சத்தம் காலை முழுக்க.

புது உருண்டை வந்தது. எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம் எழுந்தது. மாமா கைகூப்பிவிட்டார். ஆனால் ஓட்டினால் டிராக்டர் டிரெய்லர் மாதிரி தூக்கிப் போடுகிறது. என் தப்பு. கைப்பழக்கத்தில் மெஷினுக்கு அடைக்கிற அழுத்தத்தை இதற்கும் அடைத்துவிட்டேன். இது மண் அள்ளுகிற வண்டியா? செக்‌ஷனில் தெரிந்தால் சிரித்தே சாவார்கள். திரும்பக் கழற்றணும்.

ஆ. இன்று ஷெட் பக்கமே வரவில்லை. பெண் வீட்டில் விருந்தாம்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. மாமா சேத்தியாத்தோப்புக்கு, வெள்ளாற்றில் தர்ப்பணம் கொடுக்க. அவர் தலை மறைந்ததும் ஆ. வந்தான். ஷெட் கதவைச் சாத்தினான். சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

சட்டைக்குள்ளிருந்து ஒரு டப்பா எடுத்தான். பிரேக் ஆயில்.

"தேனு, இத ஊத்திடு. அழைப்பு அன்னிக்கி வண்டி நடுரோட்டுல படுத்துட்டா அப்பா சகுனம் சரியில்லன்னு நிறுத்திடுவாரு. அவருக்கு அதுல ரொம்ப நம்பிக்க."

"நீ சொல்ல மாட்டியாடா?"

"என்னால அவரு மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாது."

"இந்த வண்டிக்கு பிரேக்கும் இதே எண்ணெயிலதான் புடிக்குது. முன்னாடி மேளக்காரங்க நடந்து போவாங்க. சின்னப் புள்ளைங்க ஆடிகினு போவும். தெரியுமா?"

அவனுக்குத் தெரியவில்லை. அவன் யோசிக்கவே இல்லை. அவன் வாயால் சொல்ல வேண்டியதை வண்டி சொல்லணுமாம், அதையும் நான் ஊற்றிக் கொடுக்கணுமாம்.

டப்பாவைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவன் அங்கேயே நின்றான். பாவமாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை, இவனைப் பார்த்து எனக்குப் பாவம் வருவது.

பிப்ரவரி 1, சனி

வண்டி சரி. மெத்தென்று போகிறது. ஸ்பீடு பிரேக்கர் தெரியவில்லை. ஆர்ச் கேட் வரை போய் வந்தேன். நாலு வீலிலும் கசிவில்லை. பிரேக்கை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தேன், சுத்தம்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து என்று கேட்கவில்லை. "அவன் கல்யாண வண்டிய நீயே தொடச்சி மெருகு போடுறியே, உனக்கின்னா பைத்தியமாடி?" என்றாள். வேலையைப் பாதியில் விட எனக்கு வராதும்மா என்றேன். மடியில் படுக்க வைத்துக்கொண்டாள். ரொம்ப நாளாச்சு.

மாமா வந்து ஒரு பட்டுப்புடவை கொடுத்தார். "நாளைக்கு நீதாம்மா ஓட்டணும். லெஃப்ட் ஹாண்ட் வண்டி, வேற யாரு கையிலயும் குடுக்க மாட்டேன்." முடியாது என்று நாக்கு வரை வந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பிள்ளையார் கோயில் வாசலில் சாயங்காலம் கிளம்பினோம். நான் சுடிதார்தான். பூ அலங்காரத்தில் முன் கண்ணாடி பாதி மறைந்திருந்தது, பிய்த்துப் போட்டேன். ஆ. பின் சீட்டில், கோட்டு, மாலை. சொந்தக்காரப் பிள்ளைகள் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி அமுங்கி, தானே நிமிர்ந்தது. "ஐ, மேல தூக்குது!" என்று ஒரே கத்தல்.

மேளத்துக்குப் பின்னால் அடி அடியாக ஓட்டிப் போனேன். மாமா முன்னால் நடந்தார், திரும்பித் திரும்பி வண்டியைப் பார்த்துச் சிரித்தார். நான் அவன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன்.

மண்டப வாசல். பிள்ளைகள் குதித்து ஓடின. உள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"தேனு, வண்டியத் திருப்பு. எங்கனா போயிடலாம். சத்தியமா."

மெய்யாகத்தான் சொன்னான். கண் கலங்கியிருந்தது. இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை வருஷம். கை கியரில்தான் இருந்தது.

எதிரே பெண்ணின் அம்மா ஆரத்தித் தட்டோடு. காற்றில் கற்பூரம் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். கதவு அவன் பக்கம்தான் இருக்கிறது. கைப்பிடியை இழுத்தால் திறக்கும். இறங்கி அவளிடமோ அப்பாவிடமோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்த ஊருக்கும் ஓட்டியிருப்பேன். சத்தியமாக ஓட்டியிருப்பேன். அவன் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டியைத் தாழ்த்துகிற லிவரைத் தள்ளினேன். வண்டி மெதுவாகக் கீழே இறங்கியது. கூட்டம் கைதட்டியது. நான் இறங்கிச் சுற்றி வந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

"எறங்குங்க, மாமா பாக்குறாரு" என்றேன்.

இறங்கினான்.