அப்பாவின் குரலும் மாற்றல் படிவமும்

கண்ணு,

உன் அப்பாவின் குரலுக்கு விலை வருடம் நாற்பதாயிரம். நம் பழைய முதலீட்டு ஆலோசகர் வாங்கும் கட்டணத்துக்கும், நீ பார்த்துவைத்த புதுக் கம்பெனியின் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

"அந்த ஆளு உனக்கு என்ன சொக்குப்பொடி போட்டாரும்மா?" என்று நேற்றுக் கத்தினாயே, இதுதான் பொடி. அப்பா சாவதற்கு முன் கடைசியாக அவரிடம் போனில் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை நான் விலகப் போகிறேன் என்று கிளம்பினால், அதைப் போட்டுவிடுவார். "அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாதுங்க, நீங்கதான் பாத்துக்கணும்." கடைக்காரர் மகளான என்னைப் பற்றி இப்படி ஒரு பேச்சு. பிறகு அப்பா இருமுவார். நான் தண்ணீர் எடுக்க எழுந்துவிடுவேன்.

கணக்கை மூடினால் பதிவை அழித்துவிடுவார்களாம். கேட்டுப் பார்த்தேன், தரமாட்டாராம்.

கையெழுத்துப் போட்ட படிவம் மேசைமேல் இருக்கிறது. நான்கு மணிக்குப் புதுக் கம்பெனிப் பெண் வருவாள், கொடுத்துவிடு. எனக்காகக் காத்திருக்காதே, மனசு மாறிவிடும். குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடு.

அம்மா

பி.கு.: ஆறு வருடம், ஆறு தடவை அந்தக் குரலைக் கேட்டேன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், பேரம் பேசாமல் கொடுத்தேன். இப்போது அந்த ஆலோசகரிடம்தான் போகிறேன், விலகுகிறேன் என்று சொல்லி இன்னொரு தடவை கேட்க. ஏழாவது தடவைக் காசு மட்டும் அவருக்குப் பாக்கி.