பூட்டிய கதவுக்குக் கையெழுத்து இல்லை

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் மக்கர் பண்ணுகிறது. அக்காவும் மாப்பிள்ளையும் நலம், அவர்கள் குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, சிரித்தால் அந்த வயசில் நீ சிரித்தது மாதிரியே இருக்கிறாள். அங்கே நீ நலமாகவும் மன அமைதியோடும் இருப்பதாக எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. ஒரு கிண்டல் இல்லாமல், பசிக்கிறது என்று ஒரு புலம்பல் இல்லாமல், டைப் அடித்து நீ எனக்கு இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. மதிப்பிற்குரிய தாய்க்கு என்று ஆரம்பித்திருக்கிறாய். யாருடா அது, மதிப்பிற்குரிய தாய்? வாசித்துக் காட்டியபோது அப்பா, கடிதம் வீடு மாறி வந்துடுச்சோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இரண்டு கையெழுத்து கேட்டிருக்கிறாய். நீ சேர்ந்திருக்கிற வட்டம் என்கிற அந்த ஆன்மிக அமைப்பு இந்த ஊரில் திறக்கப்போகிற மண்டபத்துக்கு நான் தரவேண்டிய தீப் பாதுகாப்புச் சான்றிதழில் ஒன்று. அதைப் போட மறுத்தால், கூடவே நீ அனுப்பிய தாளில் இன்னொன்று, இனிமேல் நமக்குள் தாய் பிள்ளை உறவு கிடையாது என்று நானும் சம்மதித்துப் போட வேண்டுமாம். மாட்டேன். முதலாவதற்கும் மாட்டேன், இரண்டாவதற்கும் மாட்டேன். இதைச் சொல்ல ஒரு வரி போதும், ஆனால் உன்னிடம் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு வராது, அது உனக்கே தெரியும்.

அந்த மண்டபம் முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்த கட்டடம். போன மாதம் டேப்பும் டார்ச்சுமாகப் போனேன். வெள்ளைச் சட்டை போட்ட பொறுப்பாளர், தங்கமான பேச்சு, நாற்காலி போட்டு உட்காரவைத்து விசாரித்தார். அறுநூறு பேர் உட்காரும் இடம், நான்கு கதவு, அதில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். இருபத்தெட்டு வருஷத் தீயணைப்புத் துறை வேலையில் உள்பக்கப் பூட்டு பார்த்திருக்கிறேன், துருப்பிடித்த கீல் பார்த்திருக்கிறேன், கதவுக்குக் குறுக்கே பீரோ பார்த்திருக்கிறேன், ஆனால் புதுசாகச் செய்த கதவில் வேண்டுமென்றே வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன். ஏன் என்று கேட்டேன். உள்ள இருக்கிறவங்க மனசு கலையக்கூடாதுல்ல என்றார். சரி, உள்பக்கமா மாத்துங்க என்றேன். மூத்தவர் சொல்லாம ஆணியைக்கூடத் தொட மாட்டோம் என்றார். மூத்தவர் என்றால் வட்டத்தின் தலைவராம், வெளியூரில் இருக்கிறாராம், அவரைக் கேள்வி கேட்டுப் போன் செய்யும் வழக்கம் அங்கே கிடையாதாம். அதோடு விட்டாரா, நீங்க ஏன் வெளியே போறதையே நினைச்சுட்டிருக்கீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கம்மா என்று எனக்கே உபதேசம். தீப்பிடிச்சா ஓடணும்ல, அதுக்குத்தான் என்று சொல்லி, மறுப்பு நோட்டீஸை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்தே நாளில் உன் கடிதம் வந்தது. அதில் பெரிய நியாயமெல்லாம் பேசியிருக்கிறாய். அம்மா, உன் பிரார்த்தனைக் கூடத்திலும் ஒரு பெரியவர் மேலே உட்கார்ந்து பேசுகிறார், நீங்கள் கீழே உட்கார்ந்து தலையாட்டுகிறீர்கள், அங்கேயும் விதி, இங்கேயும் விதி, பழசானால் மதம், புதுசாக இருந்தால் மூளைச்சலவையா, கூட்டம் பெரிசு என்பதைத் தவிர என்ன வித்தியாசம், உன் கூடத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டாயே என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. கேள்வி கேட்க இன்னும் மறக்கவில்லையே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன், அப்புறம்தான் தோன்றியது, இதே கேள்வியை அங்கே உன் மூத்தவரிடம் கேட்க முடியுமா?

எங்கள் கூடம் சொக்கத்தங்கம் என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. அங்கேயும் பக்கவாட்டுக் கதவை ஒரு இரும்பு பீரோவும் உடைந்த நாற்காலிகளும் அடைத்துக்கொண்டுதான் கிடந்தன. கையெழுத்துப் போடாமல் நோட்டீஸ் அடித்து ஒட்டினேன், நானே வாராவாரம் போய்க் கும்பிடுகிற இடத்தின் வாசலில். செயலாளர் என்னைக் கோள்மூட்டி என்றார். பெரியவர் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நானும் விடவில்லை, அவர் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து பீரோ எப்ப நகரும் என்று கேட்டேன். பாதிப்பேர் என்னைத் திட்டினார்கள், மீதிப்பேர் செயலாளரைத் திட்டினார்கள், கடைசியில் பீரோ நகர்ந்தது, அதைத் தள்ளி இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று பெரியவரே வந்து என்னிடம் தைலம் கேட்டார். அதற்கப்புறம்தான் கையெழுத்து.

அக்கா வேறு மதத்தில் கல்யாணம் செய்தபோது அங்கே பேசிய பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கும். மகளை ஒதுக்கி வையுங்கள் என்று ஒருத்தர் சொன்னார். உங்க வேலையைப் பாத்துட்டுப் போங்க என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். எனக்கு வலித்தது, இன்னும் வலிக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமும் அதே இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன், யாரும் எழுப்பவில்லை. உன் அப்பாவை எடுத்துக்கொள், இருபது வருஷமாக ஒன்றையும் நம்பாதவர், நான் உள்ளே இருக்கும்போது வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து பேப்பர் படிக்கிறார். அவரோடு குடித்தனம் நடத்தாதே என்று யாரும் எனக்குத் தாள் அனுப்பவில்லை. பெரியவர் அவரிடம்தான் பேப்பரின் நடுப்பக்கத்தை வாங்கிப் படிக்கிறார்.

உன் கடிதம் வந்த மறுநாள், என் பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது என்னதான் என்று பார்க்க, இந்த ஊரில் வட்டம் இப்போது கூடுகிற வாடகை மாடிக்கு நானே போனேன். பொய் சொல்ல மாட்டேன், பாட்டு நன்றாக இருந்தது. எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தார்கள், அந்த ஊரில் தனியாகக் கிடந்த உனக்கு அது எவ்வளவு இதமாக இருந்திருக்கும் என்று புரிந்து அங்கேயே அழுதுவிட்டேன். உன்னை அவ்வளவு தனியாக விட்டது என் தப்பு. இருபது நிமிஷம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். மூன்று பேர் கூடவே எழுந்தார்கள். ஒருத்தி டம்ளரோடு ஓடிவந்து, இங்கேயே குடிங்கம்மா, எதுக்கு வெளியே என்றாள். கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவே இல்லை. உடம்பு சரியில்லையா, சந்தேகமா, வீட்டுல யாராவது ஏதாவது சொன்னாங்களா என்று கேள்வி மேல் கேள்வி. என் அடையாள அட்டையை எடுத்துக் காட்டிய பிறகுதான் நாற்காலி நகர்ந்தது. அந்த வாரமே எங்கள் கூடத்திலும் வேண்டுமென்று பாதியில் எழுந்து வந்து பார்த்தேன். ஒரு ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே உன் அப்பா மட்டும் பேப்பரை இறக்கி, அதுக்குள்ள முடிஞ்சுதா என்றார்.

எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான், படித்தவர்கள் வேறு சொல்லலாம். நாளைக்கு எங்கள் கூடமும் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்தால் அதற்கும் கையெழுத்து கிடையாது, எத்தனை நூறு வருஷம் பழசாக இருந்தாலும் சரி.

உன் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், என் இடம் காலியாகவே இருக்கிறது. அதற்குப் பதிலாக நீ எனக்கு ஒரே ஒரு காரியம் செய். அடுத்த கூட்டத்தில் பாதியில் எழுந்து வெளியே போ. காரணம் சொல்லாதே, யாரிடமும் கேட்காதே. தெருவுக்கு வந்து எனக்குப் போன் பண்ணு. யாரும் உன் பின்னால் வரவில்லை, யாரும் தடுக்கவில்லை என்றால் அம்மா சொன்னது தப்பு, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அப்போதும் சான்றிதழ் கிடையாது, கதவு கதவுதான். யாராவது டம்ளரோடு எழுந்து வந்தால், அங்கே நின்று அவர்களிடம் வாதாடாதே, நேராக நடந்து வா. டிக்கெட், துணிமணி எதைப் பற்றியும் யோசிக்காதே, நாங்கள் இருக்கிறோம். வந்து ஏன் போனாய் என்று நான் கேட்டால் என் வாயிலேயே அடி.

எந்த ஊரில் எந்தக் கூரையின் கீழே இருந்தாலும் என் பிள்ளைக்கு மூச்சு முட்டாமல் இருக்கட்டும். நல்லா இரு, நீண்ட நாள் இரு, நிறையக் கேள்வி கேட்டுக்கொண்டு இரு. இன்ஹேலர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், யார் வேண்டாம் என்றாலும் எடுத்து வெளியே வைக்காதே.

அந்த இரண்டிலும் போடாத கையெழுத்தை இதில் போடுகிற,
உன் அம்மா