கூட்டம் பாடிய பாட்டு

லிமா, வியாழக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு ரமீரோ எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ரொசாரியோவில் குளிர் தொடங்கியிருக்கும், அடிக்கடி மாடி ஏறி இறங்காதே. நான் நன்றாகவே இருக்கிறேன், கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான்.

எங்கள் ராக் குழுவின் புது ஆல்பம் இங்கே சக்கைப்போடு போடுகிறது. எந்த டாக்சியில் ஏறினாலும் என் குரல்தான்; எனக்கே சலித்துவிட்டது. சனிக்கிழமை மேடையில் ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டாவது பாட்டிலேயே தொண்டை அடைத்து, வெறும் காற்றுதான் வந்தது. வேறு வழி தெரியாமல் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினேன். தங்களைத்தான் பாடச் சொல்கிறேன் என்று நினைத்து, ஒரு வரி விடாமல் அவர்களே கடைசிவரை பாடிவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் மேனேஜர் ஓஸ்வால்தோ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பின்னிட்டடா! இனிமே தினமும் இப்படியே பண்ணு!"

"வாயத் தொறக்காம இருக்கிறதுக்கு முழுச் சம்பளமா?" என்றான் டிரம்ஸ் வாசிக்கும் நெஸ்தோர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தமில்லாமல்.

இந்த மாதம் முழுக்கப் பேசவே கூடாது என்கிறார் டாக்டர். ஆனால் கச்சேரி எதுவும் நிற்காது என்கிறார் ஓஸ்வால்தோ. மைக்கை நீட்டினால் போதுமாம்.

பயப்படாதே. டீ போட மாத்தே இலை ஒரு பொட்டலமும் என் நீல மஃப்ளரும் அனுப்பு. கீழே எங்கள் குழுவின் பஸ் ஹாரன் அடிக்கிறது, கிளம்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல போன் செய்வேன். என் பக்கம் சத்தமே வராது. யாரோ என்று வைத்துவிடாதே, அம்மா. நீ பேசிக்கொண்டே இரு.

உன் ரமீரோ