முதுகு காட்டிய சூரியகாந்திகள்

அன்புள்ள அண்ணி,

நீங்கள் துணியில் முடிந்து வைத்துவிட்டுப் போன சூரியகாந்தி விதைகளை அண்ணன் எடுத்துவிட்டார். இந்த வருஷம் மேற்குச் சுவர் ஓரம் போடலாம், அப்போதாவது பூ நம் வீட்டைப் பார்க்கும் என்கிறார். 

ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் மழைத்தண்ணீர் யார் பக்கம் ஓடுவது என்று கிழக்கு வீட்டு ஸ்டெல்லா டீச்சரோடு சண்டை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பேசாத காலத்தில்தான் கிழக்குச் சுவர் ஓரம் விதை போட்டீர்கள். சூரியன் மேற்கே இறங்கும்போது பூவும் திரும்பும், சாயங்காலம் நாம் டீ குடிக்கையில் நம்மைப் பார்க்கும் என்பது உங்கள் கணக்கு. பெயரே அதற்காகத்தான் வைத்தது என்று அடித்துச் சொன்னீர்கள்.

மொட்டாக இருந்தவரை திரும்பத்தான் செய்தன. முழுசாக மலர்ந்ததும் சுவருக்கு மேல் தலையை நீட்டி, டீச்சர் வீட்டைப் பார்த்து நின்றுவிட்டன. நமக்கு வெறும் முதுகு. கோபத்தில் நீங்கள் தண்ணீர்கூட விடவில்லை.

வாடிய செடிகளைப் பார்த்துப் பொறுக்காமல் டீச்சர்தான் முதலில் வாய் திறந்தார்.

"தண்ணி ஊத்துங்கம்மா. காலையில சமையல்ரூம் ஜன்னலத் தொறந்தா இதுங்க முகத்துலதான் முழிக்கிறேன்."

"திரும்பும்னு நம்பி வெச்சேன் டீச்சர். பேர் வெச்சவன் ஏமாத்திட்டான்."

தமிழ் டீச்சர் சும்மா இருப்பாரா? காந்தி என்றால் ஒளி, சூரியன் மாதிரி ஒளியாக இருக்கிறது என்று வைத்த பெயர், திரும்புவதாக அதில் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்றார். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அன்று சாயங்காலமே அவர் நம் வீட்டில் டீ குடித்தார். தண்ணீர்ச் சண்டை எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

அதன் பிறகு எத்தனையோ விதைப்பு. ஒருமுறைகூட நீங்கள் இடத்தை மாற்றவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், இல்லையா அண்ணி?

நீங்கள் இல்லாமல், உங்கள் படத்துக்கு மாலை போட்டிருக்கும் வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. நேற்று துணி உலர்த்தும்போது பார்த்தேன். டீச்சர் அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நம் வெறும் சுவரையே பார்த்து நின்றார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். விதை கிழக்குச் சுவர் ஓரம்தான் விழும். முதுகைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுவேன்.

உங்கள் நாத்தனார்,
ராஜி