கண்ணாடி ஆலைக்கு நான் எழுதிய பலகை

சூன் 9, திங்கள்

விக்கிரவாண்டிக் கூட்டத்தில் நேற்று ஒரு மணி நேரம் முழங்கியதன் பயன், இன்று தொண்டையிலிருந்து காற்று மட்டுமே வருகிறது. சுக்கு நீரைக் குடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்றும் அந்தக் கண்ணாடி ஆலையைத்தான் வெற்றிக்குச் சான்றாகக் காட்டினேன். கைப்பேசித் திரையின் மேல் மூடும் கண்ணாடியைத் திண்டிவனத்துக்கு வெளியே அந்த ஆலையில் அறுக்கிறார்கள். கண்ணாடியையே அரிக்கும் காடியில் தோய்த்து மெலிதாக்குகிறார்கள். உருகிய உப்பில் மூழ்கவைத்து வலுவேற்றுகிறார்கள். பிறகு சென்னைப் பக்கம் திரை பொருத்தும் நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். வேலை செய்பவர்கள் இந்த வட்டாரத்துப் பெண்கள். எச்சரிக்கைப் பலகைகளோ ஆங்கிலத்தில் இருந்தன. மாசியில் எங்கள் தனித்தமிழ் இயக்கத்தோடு மூன்று நாள் வாயிலில் நின்று, "தமிழில் எழுது!" என்று முழங்கினோம். மேலாளர் இறங்கி வந்து, "அப்படின்னா நீங்களே எழுதிக் குடுங்கம்மா" என்று தாளை நீட்டினார்.

ஒரு வாரம் அகராதிகளைப் புரட்டி எழுதினேன். சித்திரையில் மாட்டினார்கள். அதிலுள்ள கடைசி வரியை மேடையில் சொன்னபோது கைதட்டல் அடங்கவில்லை.

சூன் 11, புதன்

கிளியனூர் ஆரோக்கியராஜ் அழைத்தார். நம் இயக்கத்துக்குச் சுவரொட்டி ஒட்டுகிறவர். அவர் மகள் அமலாவுக்கு ஆலையில் கையில் காடி பட்டுவிட்டதாம். புதுவையில் சேர்த்திருக்கிறார்கள். 

சூன் 12, வியாழன்

மருத்துவமனைக்குப் போய் வந்தேன். அமலாவுக்கு இருபத்திரண்டு வயது. வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் கட்டுக்குள் இருக்கின்றன. நெஞ்சில் கம்பிகள் ஒட்டியிருக்கிறார்கள். கையில் பட்டதற்கு நெஞ்சில் ஏன் கம்பி என்று மருத்துவரைக் கேட்டேன். இந்தக் காடி தோலோடு நிற்காதாம். உள்ளே இறங்கி எலும்பைத் தின்னுமாம். குருதியில் உள்ள கால்சியத்தைக் குடித்துவிட்டால் இதயமே தடுமாறுமாம். பட்ட உடனே கால்சியக் களிம்பு தடவியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார்.

அமலா சிரிக்க முயன்றாள். "வலிக்கவே இல்லக்கா. கையுறையில ஊசி மொன அளவுக்கு ஓட்ட இருந்திருக்குது. தண்ணி பட்ட மாதிரிதான் இருந்திச்சி. கொயாயில கழுவிக்கினு வேலயப் பாத்தேன். வூட்டுக்கு வந்து சோறு துன்னும்போதுதான் விரலுக்குள்ள யாரோ ஆணி அடிக்கிற மாதிரி ஆயிடுச்சி."

பலகையைப் படித்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. உடல்நிலை எப்படி, உணவு என்ன என்று எதையெதையோ கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சூன் 13, வெள்ளி

பலகைக்கு நான் எழுதிக் கொடுத்ததன் படியை எடுத்து மேசையில் வைத்துப் பார்க்கிறேன்:

நீரக வினைவியக் காடி மெய்தீண்டின், நீரால் கழுவியபின் சுண்ணகக் களிம்பு தடவுக. நோவின்மை தீங்கின்மை அன்று.

ஒரு சொல் பிழையில்லை. பிறகு ஏன் எனக்கு அச்சம்?

ஜெகதீசனிடம் நீட்டினேன். என் கணவர் பத்தாண்டாகக் கைப்பேசிகளுக்கு உடைந்த கண்ணாடி மாற்றுகிறவர். இருமுறை படித்தார்.

"கல்வெட்டா இது?"

"விளையாடாதீர்கள்."

"காந்திமதி, நெசமாத்தான் கேக்குறேன். இத என் கடையில ஒட்டி வெச்சா, நான் கன்னத்துல போட்டுக்கினு போயிடுவேன். ஆசிட்டுன்னு ஒரு வார்த்த எங்க இருக்குது?"

"காடி என்றால் அமிலம்."

"உனுக்கு."

அவர் கடைக்குப் போய்விட்டார். நான் இரண்டு மணி நேரம் எழவில்லை. வலி இல்லையென்று விட்டுவிடாதே என்பதைத்தான் அந்தக் கடைசி வரி சொல்கிறது. அமலாவுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரே வரி. அதற்குத்தான் மேடையில் கைதட்டினார்கள்.

சூன் 14, சனி

இயக்கத்தின் செயலாளர் பெரியதம்பி அழைத்தார். புதன்கிழமை விழுப்புரத்தில் கண்டனக் கூட்டம். நான்தான் முதன்மைப் பேச்சாளர். "எச்சரிக்க இல்ல, ஒரு மண்ணும் இல்லன்னு போட்டுத் தாக்குங்கக்கா. கம்பெனிக்காரன் பேஜாராயிடணும்."

"பலகை இருக்கிறதே, தம்பி."

"அதுல கம்பெனி பேருதான போட்டுக்கீது? யாரு எழுதினதுன்னு எவனுக்குத் தெரியும்? உட்டுத் தள்ளுங்க."

ஆரோக்கியராஜுக்குத் தெரியும். அமலாவுக்கும் தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

சூன் 15, ஞாயிறு

விரலை எடுக்க வேண்டியிருக்குமாம். நாளை முடிவு செய்வார்கள்.

சூன் 16, திங்கள்

கேட்டுவிட்டேன்.

"பாத்தேன்க்கா. நீங்க எழுதினதுன்னு அப்பா சொல்லிச்சி. லைன்ல எல்லாருகிட்டயும் சொல்லிக்கினேன், எங்கூரு மீட்டிங்குக்கு வர்ற அக்கா எழுதினதுன்னு."

"பிறகு ஏன் களிம்பு தடவவில்லை?"

"எந்தக் களிம்புன்னு தெரியலயே. பெட்டியில நாலு டியூப் இருக்குது. எல்லாத்துலயும் இங்கிலீஷ்ல போட்டுக்கீது. போர்டுல சுண்ணகம்னு இருக்குது. வலியும் இல்ல. சரி போவட்டும்னு..."

"யாரையாவது கேட்டிருக்கலாமே, அமலா?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இங்கிலீஷ் புரியலன்னா கேக்கலாம்க்கா. அதுல வெக்கமில்ல. தமிழ் புரியலன்னு எப்படிப் போயி கேக்கிறது? பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்சிட்டு? யாருக்குமே புரியல. ஆனா யாருமே சொல்லிக்கல. எல்லாரும் தலைய ஆட்டிக்கினோம்."

நானா செய்தேன் இதை? ஐயோ, நான்தானே. அந்தப் பொண்ணுங்க வெக்கப்பட்டுக்கினு நின்னிருக்குதுங்க — நான் மேடையில நின்னு கைதட்டு வாங்கிக்கினு இருந்தேன்.

நடுவிரல் பிழைத்துவிடும். சுட்டுவிரலின் நுனியை நாளை எடுக்கிறார்கள்.

சூன் 18, புதன், காலை

முப்பதாண்டு மேடை. அதன் மேல் ஏற இன்றுதான் அஞ்சுகிறேன். உண்மையைச் சொன்னால் நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடும் என்று பெரியதம்பி சொல்வது பொய்யில்லை. அமலாவுக்கு வர வேண்டிய ஈட்டுத்தொகையும் போய்விட்டால்? ஆனால் சொல்லாமல் விட்டால், அந்தப் பலகையின் கீழே நாளையும் பெண்கள் வேலைக்கு நிற்பார்கள்.

சூன் 19, வியாழன்

சொல்லிவிட்டேன். ஓட்டைக் கையுறையைக் கொடுத்தது நிறுவனம், பயிற்சி கொடுக்காதது நிறுவனம், நாலு களிம்பைக் கலந்து வைத்தது நிறுவனம் என்று வழக்கம்போல் முழங்கினேன். பிறகு நிறுத்தி, "பலகையை எழுதியது நான்" என்றேன். முழுவதும் படித்துக் காட்டினேன். "புரிந்தவர்கள் கைதூக்குங்கள்" என்றேன்.

முன்வரிசைப் புலவர்கள் மூவர் மட்டும் தூக்கினார்கள். ஆலைப் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அப்போ எங்களக் கேட்டு எழுதுங்க!" சிரிப்பு எழுந்தது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், நின்று வாங்கிக்கொண்டேன்.

பெரியதம்பி வண்டியில் ஏறும்போது, "கம்பெனிக்காரன் உங்களுக்குச் சால்வ போத்துவான், போய் வாங்கிக்கோங்க" என்றார்.

சூன் 27, வெள்ளி

தொழிற்சாலை ஆய்வாளர் ஆலைக்கு வந்து போனபின் நிறுவனம் இறங்கி வந்தது. ஈட்டுத்தொகையைத் தரவும் பலகையை மாற்றவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அமலா வீடு திரும்பிவிட்டாள். சுட்டுவிரல் ஒரு கணு குறைந்திருக்கிறது.

இன்று அவள் வீட்டில் ஏழு பெண்கள் கூடினார்கள். நான் எழுதுகோலோடு அமர்ந்தேன். "ஆசிட்டுன்னே போடுங்க." போட்டேன். "ஜெல்லுன்னு போடுங்க, களிம்புன்னா சொறிக்குப் போடறதுன்னு நெனைப்பாங்க." போட்டேன். "செவப்பு மூடி டியூப்னு போடுங்க. மத்த மூணையும் வெளிய எடுத்துடச் சொல்லுங்க." இது எனக்குத் தோன்றவே இல்லை. சித்ரா என்ற பெண், "ஓடுன்னு போடுங்கக்கா, ஓடுன்னாதான் ஓடுவாங்க" என்றாள்.

இறுதி வடிவம்: இது ஆசிட். பட்டா வலிக்காது. வலிக்கலன்னு உட்டா விரல் போயிடும். அஞ்சு நிமிசம் தண்ணியில கழுவு. சிவப்பு மூடி ஜெல்லைத் தடவு. சூப்பர்வைசர்கிட்ட ஓடு.

எழுதும்போது கை கூசியது, மறைக்க மாட்டேன். பிறகு அமலாவிடம் கொடுத்தேன். கட்டுப் போட்ட கையால் பிடித்துக்கொண்டு, எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் படித்து முடித்தாள்.

சூலை 22, செவ்வாய்

புதிய பலகை மாட்டிப் பத்து நாளாகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஆலை எண்ணிலிருந்து அழைப்பு. எடுக்க அஞ்சி, மணி அடிக்கவிட்டேன். மறுபடி அடித்தது.

சித்ரா. "அக்கா, காலையில புதுசா சேந்த பொண்ணு ஒண்ணுக்கு மணிக்கட்டுல பட்டுடுச்சி. வலிக்கவே இல்லியாம். ஆனா கத்திக்கினே ஓடிச்சி பாருங்க, மொத்த லைனும் நின்னுபோச்சி! கழுவி, ஜெல்லு தடவி, ஆஸ்பத்திரியும் பாத்தாச்சி. வெறும் செவப்புதானாம். சும்மா சொல்லலாம்னு போன் பண்ணேன்."

வேறொன்றும் இல்லையா என்று கேட்டேன்.

"வேற ஒண்ணும் இல்லக்கா. சாப்ட்டீங்களா?"